புதிதாக வந்த பிள்ளைக்கு இணையவழித் துணை: ரொறன்ரோவில் ஓர் ஆண்டு கூட நிற்பது எப்படி

வந்து மூன்று மாதமான 16 வயதுப் பையன் ஒருவன் ஒருநாள் எனக்கு வட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பினான். "அக்கா, ரீச்சர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டவ. நான் ஓம் எண்டு சொல்லிட்டன். என்னத்துக்கு ஓம் சொன்னனான் எண்டு தெரியேல்ல." அந்தப் 12 விநாடிச் செய்தியில் இருந்து தொடங்கியதுதான் எங்கள் பழக்கம். அவன் குடும்பம் ரொறன்ரோவுக்கு வெளியே ஒஷாவாவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்தது. நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில். நேரில் பார்க்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

இந்த வழிகாட்டி, கனடாவுக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு, முக்கியமாக 14 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, போன் வழியாக வழித்துணையாக இருக்க விரும்பும் பெரியவர்களுக்கானது. வழித்துணை என்று நான் சொல்வது ரியூஷனையோ ஆலோசனை மையத்தையோ அல்ல. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நடுவில், இந்த நாட்டை முன்னமே நடந்து பார்த்த ஒருவர் வாராவாரம் அந்தப் பிள்ளையோடு கதைப்பது. ஒன்ராறியோவை வைத்துத்தான் எழுதுகிறேன். மற்ற மாகாணங்களில் பாடசாலை விதிகள் வேறு.

ஏன் இணையவழி? முன்பு வந்தவர்கள் அனேகமாகத் தமிழர் நிறைந்த ஸ்காபரோவிலோ பக்கத்து மார்க்கம் நகரிலோ இறங்கினார்கள். கடைக்குப் போனாலே தமிழில் கேட்டு வழி அறியலாம். இப்போது வாடகை துரத்தத் துரத்தக் குடும்பங்கள் ஒஷாவா, பிரம்ப்டன், ஹமில்டன் என்று விலகிப் போகின்றன. தாய் இரவு வேலை, தகப்பன் இரண்டு வேலை, வெளியே மைனஸ் 15, பஸ் முக்கால் மணிக்கு ஒன்று. பெண் பிள்ளை என்றால் இருட்டின பிறகு வெளியே விடமாட்டார்கள். இவ்வளவையும் தாண்டி அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிற ஒரே கதவு அதன் போன்.

படி 1: ஓர் ஆண்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

வாரம் ஒரு மணி நேரம், இடையில் சில குரல்செய்திகள், இப்படி 12 மாதம். இது முடியாது என்றால் தயவுசெய்து தொடங்க வேண்டாம். கடுமையாகத் தெரியலாம், காரணம் இருக்கிறது. ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, வழித்துணை கிடைத்த இளையோரை அந்த உறவு எவ்வளவு காலம் நீடித்தது என்பதை வைத்துப் பிரித்துப் பார்த்தது. ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்தவர்களுக்கே அதிக நன்மை கிடைத்திருந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில், பிள்ளைகள் தங்களைத் தாங்களே மதிக்கிற அளவு முன்பைவிடக் குறைந்திருந்தது. அதாவது பாதியில் விட்டால், தொடங்காமலே இருந்திருக்கலாம் என்ற நிலை வரும்.

நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் ஆழமாக வலிக்கும். பலர் ஏற்கெனவே விடப்பட்டவர்கள். தகப்பன் முதலில் வந்து, அகதி வழக்கு முடிந்து, ஸ்பொன்சர் செய்து, குடும்பம் வந்து சேர ஏழு எட்டு வருடம் போனதை நான் கண்டிருக்கிறேன். விமான நிலையத்தில் அப்பாவைக் கட்டிப்பிடிக்கிற பிள்ளைக்கு அந்த மனிதர் போனில் கேட்ட ஒரு குரல். ஊரில் வளர்த்த அம்மம்மா இப்போது போனுக்குள் போய்விட்டார். இன்னொரு குரலும் காரணம் சொல்லாமல் நின்றுபோனால் அந்தப் பிள்ளை யாரை நம்பும்?

படி 2: தனியாளாகச் செய்யாதீர்கள்

18 வயதுக்குக் கீழான பிள்ளையோடு, நீங்கள் எவ்வளவு நல்ல மனதோடு வந்தாலும், தனியாக இணையத்தில் பழகக் கூடாது. ஒரு சமூக நிலையம், இளையோர் அமைப்பு, கோயில் அல்லது தேவாலயத்தின் இளையோர் பிரிவு, பாடசாலை என்று பொறுப்பேற்கிற ஓர் இடத்தின் கீழ் செய்யுங்கள். பாதிக்கப்படக்கூடியவர்களோடு பழகுகிறவர்களுக்கான பொலிஸ் சரிபார்ப்பை அவர்கள் கேட்பார்கள். கேட்காத இடம் என்றால் நீங்களே யோசிக்க வேண்டும்.

அங்கே ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். பிள்ளையும் நீங்களும் கதைக்கிற வட்ஸ்அப் குழுவில் அவரும் இருப்பது நல்லது. தானாக மறையும் செய்திகள் என்ற வசதியை நிறுத்தி வையுங்கள். எதுவும் அழியாமல் இருப்பது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

இன்னும் சில விதிகளை முதல்நாளே சொல்லிவிடுங்கள். இரவு 9 மணிக்குப் பிறகு அழைப்பு இல்லை. காசு கொடுப்பதில்லை, வாங்குவதில்லை. "இதை அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்று தொடங்குகிற எல்லாவற்றையும் மறைப்பேன் என்று வாக்குக் கொடுப்பதில்லை.

படி 3: பிள்ளைக்கு முன்னம் தாயோடு கதையுங்கள்

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது அமைப்பின் வேலை. நம்பிக்கையை வாங்குவது உங்கள் வேலை. "ஆர் இந்த ஆள், என்ர பிள்ளையோட என்னத்துக்குக் கதைக்கிறார்?" என்று ஒரு தாய் கேட்டால் அவர் சரியாகத்தான் கேட்கிறார். முதல் அழைப்பு அவருக்கு. ஊர் எது, எப்போது வந்தீர்கள், வேலை எப்படி என்று அவர் பாட்டில் போகட்டும். அதற்குள் இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: பிள்ளையின் பாடசாலை அலுவலுக்குத் துணையாக இருக்கப் போகிறேன், உங்கள் இடத்தை நான் எடுக்க வரவில்லை. மாதத்துக்கு ஒரு தரம் பத்து நிமிடம் அவரோடும் கதையுங்கள். நான் இதை முதல் ஆண்டில் செய்யவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு தகப்பன் மகளின் போனை வாங்கி வைத்துவிட்டார். பிழை அவருடையதல்ல, என்னுடையது.

படி 4: விசா நிலையைக் கேட்காதீர்கள்

அகதிக் கோரிக்கையா, ஸ்பொன்சரா, இன்னும் முடிவு வரவில்லையா என்று பிள்ளையிடம் தோண்ட வேண்டாம். அது தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், எழுதச் சொல்லாதீர்கள். பாஸ்போட், வழக்குக் கடிதம், வந்த கதை எதையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்ல வேண்டாம். அகதி வழக்கில் சொல்லப்படும் கதையின் ஒவ்வொரு திகதியும் எடைபோடப்படும். அரட்டையில் அவசரத்தில் எழுதின ஒரு வரி அந்தக் குடும்பத்துக்குச் சுமையாகிவிடக் கூடாது.

குடிவரவு ஆலோசனையும் சொல்லாதீர்கள். அது வழக்கறிஞருக்கும் உரிமம் பெற்ற ஆலோசகருக்கும் உரிய வேலை. வசதியில்லாத குடும்பம் அகதி வழக்குக்கு ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பில் விண்ணப்பிக்கலாம் என்பதைச் சொல்லி, அங்கே நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் உரத்துச் சொல்லலாம். ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 49.1 பிரிவின்படி, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ சட்டபூர்வ அந்தஸ்து இல்லை என்ற காரணத்துக்காக 18 வயதுக்குக் கீழான பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுக்க முடியாது. இதை அறியாமல் பிள்ளையை வீட்டில் வைத்திருந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

படி 5: கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்

வீடியோ அழைப்பில் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தவறு. மூன்று பேர் படுக்கிற அறையில், பின்னால் உடுப்புக் காய்கிற கொடியோடு, ஒரு பதின்ம வயதுப் பிள்ளை கமராவைத் திறக்காது. திறக்கவில்லை என்றால் ஆர்வமில்லை என்று அர்த்தமில்லை. முதல் மாதம் குரல் மட்டும் போதும். குரல்செய்தி இன்னும் நல்லது: பிள்ளை பஸ் தரிப்பில் நின்று கேட்கும், இரண்டு தரம் அழித்துவிட்டு மூன்றாம் தரம் மனதில் இருப்பதைச் சொல்லும். தமிழ் எழுத்தில் எழுதுமா, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுமா என்பதும் அதன் விருப்பம். எழுத்துப்பிழை திருத்தாதீர்கள்.

படிவம் நிரப்புவது, பாடத்தெரிவு போன்றவற்றுக்குப் பெரிய திரை தேவை. ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் உண்டு. கணினியும் வைஃபையும் இலவசம். நகருக்கு வெளியே இருப்பவர்களுக்கு அவரவர் ஊர் நூலகம். நூலக அட்டை எடுத்ததை அந்தப் பிள்ளையின் முதல் வெற்றியாக நான் குறித்து வைப்பேன். தன் பெயரில் இந்த நாட்டில் அது வாங்கின முதல் அட்டை பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

படி 6: முதல் ஆறு வாரம், சின்னச் சின்ன வேலைகள்

"உன் கனவு என்ன?" என்று முதல்நாள் கேட்காதீர்கள். "டொக்டர்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை மௌனமாகிவிடும். எந்த பஸ்ஸில் போகிறாய், மதியம் யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வருகிற பதில்தான் உங்களுக்கு மிக முக்கியமான தகவல். "லைப்ரரியில இருந்து தனியச் சாப்பிடுவன்" என்று வந்தால், அடுத்த ஆறு வாரத்துக்கும் உங்கள் வேலை என்னவென்று தெரிந்துவிட்டது. கிரிக்கெட், செஸ், நடனம், எதுவாகவும் இருக்கட்டும், பாடசாலையில் ஒரு கழகத்தில் ஒரு பின்னேரம். அதற்குப் போக என்ன சொல்ல வேண்டும், எந்த அறை, யாரைக் கேட்பது என்று போனில் ஒத்திகை பாருங்கள்.

அடுத்தது ஆசிரியருக்கு மின்னஞ்சல். ஊரில் ஆசிரியரிடம் கேள்வி கேட்காமல் தலைகுனிந்து இருப்பது மரியாதை. இங்கே அதையே, பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்றோ அக்கறையில்லை என்றோ எடுத்துக்கொள்வார்கள். இந்த ஒரு வித்தியாசத்தை யாரும் சொல்லிக்கொடுக்காததால் நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளைகள் முதல் செமஸ்டரைத் தொலைக்கிறார்கள். ஆகவே சேர்ந்து எழுதுங்கள்: நான் இன்ன பாடத்தில் இன்ன பிள்ளை, இன்று சொன்ன வேலையில் இரண்டாம் பகுதி விளங்கவில்லை, எப்போது வந்து கேட்கலாம். மூன்றே வசனம். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். பிள்ளை எழுதட்டும், பிழையோடு போகட்டும். பதில் வந்த அன்று அது அனுப்புகிற குரல்செய்தியைக் கேட்டால் உங்களுக்கே விளங்கும்.

படி 7: பாடசாலை வரைபடத்தைச் சேர்ந்து படியுங்கள்

இதில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ஒன்ராறியோ உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழுக்கு 30 கிறெடிட் (பாடம் முடித்தால் கிடைக்கும் அலகு) வேண்டும். அதோடு 40 மணிநேர சமூகசேவை, வழக்கமாக 10ஆம் வகுப்பில் எழுதும் எழுத்தறிவுத் தேர்வு. ஆங்கிலம் இன்னும் வசப்படாத பிள்ளைக்கு அந்தத் தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புகள் ஏ முதல் ஈ வரை ஐந்து நிலை. இந்த வகுப்புகளில் போடப்பட்டதை அவமானமாக நினைக்கிற பிள்ளைகள் உண்டு. நான்கு கட்டாய ஆங்கிலக் கிறெடிட்டில் மூன்று வரை இந்த வகுப்புகளாலேயே நிரப்பலாம் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

வயது கூடி வந்தவர்களுக்கு, ஊரில் படித்ததற்கு எத்தனை கிறெடிட் கொடுப்பது என்பதைப் பாடசாலை அதிபர் தீர்மானிக்கிறார். இலங்கைச் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு, பாடசாலை முன்னேற்ற அறிக்கை எல்லாவற்றையும் மொழிபெயர்ப்போடு கொண்டுபோகச் சொல்லுங்கள். ஊரில் இருக்கிற சித்தப்பா பாடசாலைக்குப் போய் எடுத்து அனுப்புகிற ஒரு தாள், இங்கே ஓர் ஆண்டை மிச்சம்பிடிக்கலாம்.

இனி மிக முக்கியமானது, பாடக் குறியீடு. அதில் இருக்கிற இலக்கம் வகுப்பைச் சொல்லும்: 1 என்றால் 9ஆம் வகுப்பு, 3 என்றால் 11ஆம் வகுப்பு. இலக்கத்துக்குப் பின்னால் வருகிற எழுத்துத்தான் கதவு. 11, 12ஆம் வகுப்புகளில் 'யூ' பல்கலைக்கழகத்துக்கு, 'சி' கல்லூரிக்கு, 'எம்' இரண்டுக்கும், 'ஈ' வேலைக்கு. பல்கலைக்கழகம் போக 12ஆம் வகுப்பில் 'யூ' அல்லது 'எம்' பாடங்கள் ஆறு வேண்டும். 11ஆம் வகுப்பில் இலேசாக இருக்கும் என்று 'சி' கணிதத்தை எடுக்கிற பிள்ளைக்கு, 12இல் பொறியியலுக்குத் தேவையான கணிதத்துக்குள் நேராக நுழைய முடியாது. திரும்பி வந்து எடுக்க வேண்டும். பொறியியல்தான் படிப்பேன் என்று ஊரில் இருந்தே சொல்லிக்கொண்டு வந்த ஒருவன், இந்த ஓர் எழுத்தால் ஓராண்டு பிந்தினான். ஆங்கிலம் குறைவு என்று பார்த்து இலேசான பாடத்தைச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பையன் ஊரில் கணிதத்தில் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

பாடத்தெரிவுக்கு முன் பிள்ளையை வழிகாட்டல் ஆலோசகரிடம் அனுப்புங்கள், கேள்விகளைச் சேர்ந்து தயார் செய்யுங்கள். பல பாடசாலைகளில் புதிதாக வந்த குடும்பங்களுக்கென்று குடியேற்றப் பணியாளர் ஒருவரும் வருவார். அலுவலகத்தில் கேட்டால் எந்த நாள் வருவார் என்று சொல்வார்கள். 12ஆம் வகுப்பில் இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் ஜனவரி நடுப்பகுதியில் முடிகிறது. ஒக்ரோபரிலேயே கதைக்கத் தொடங்குங்கள். மாகாண மாணவர் உதவிநிதி குடியுரிமை உள்ளவர்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டவர் என்ற அந்தஸ்துப் பெற்றவர்களுக்கும் உண்டு. வழக்கு முடியாமல் காத்திருக்கிற பிள்ளைக்கு இல்லை. இதை ஏப்ரலில் அறிந்து உடைந்துபோவதைவிட, நவம்பரில் அறிந்து வேறு வழி தேடுவது மேல்.

படி 8: வீட்டின் மொழிபெயர்ப்பாளரை விடுவியுங்கள்

ஆறு மாதத்தில் பிள்ளையின் ஆங்கிலம் பெற்றோரைத் தாண்டிவிடும். பிறகு வங்கி, வீட்டுச் சொந்தக்காரர், தாயின் வைத்தியர், எல்லா இடத்துக்கும் பிள்ளைதான் குரல். பரீட்சை நாளில் பாடசாலைக்குப் போகாமல் தாயோடு வைத்தியசாலையில் நின்ற ஒரு பெண் பிள்ளை, தாயின் கர்ப்பப்பைப் பிரச்சினையைத் தானே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. 15 வயது. அந்த வாரம் முழுக்க அவள் என் செய்திக்குப் பதில் போடவில்லை.

இங்கே நீங்கள் செய்யக்கூடியது உண்டு. வைத்தியசாலையில் நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம் என்பதைத் தாய்க்குச் சொல்லுங்கள். 211 என்ற எண்ணை அழைத்தால் சமூக சேவைகள் பற்றிய விவரத்தை மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பெறலாம். பிள்ளைக்கோ, "நீ செய்தது பெரிய வேலை, ஆனா எல்லாம் நீ செய்ய வேண்டியதில்லை" என்று ஒரு பெரியவர் வாயால் வருவதே பாதி ஆறுதல்.

படி 9: சத்தமில்லாத வாரங்களைக் கவனியுங்கள்

நவம்பரில் நேரம் மாறும். டிசம்பரில் பின்னேரம் 4:45 அளவில் சூரியன் மறைந்துவிடும். முதல் குளிர்காலம் பலரை வாட்டி எடுக்கும். பதில்கள் ஒரு சொல்லாகச் சுருங்கும், பிறகு நீலக் கோடு மட்டும் விழும். துரத்தாதீர்கள், விடவும் வேண்டாம். வழக்கமான அதே நாளில் அதே நேரத்தில் ஒரு சின்னக் குரல்செய்தி: "நான் இருக்கிறன். இண்டைக்குக் கதைக்க வேண்டியதில்லை." இரண்டு வாரம் தாண்டினால் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள்.

சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்துவதைப் பற்றியோ பிள்ளை சொன்னால், நேரடியாகக் கேளுங்கள்: "சாகவேணும் எண்டு நினைக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தற்கொலை நெருக்கடிக்கான 988 என்ற உதவி எண் 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுக்க, 24 மணிநேரமும், அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் இயங்குகிறது. இளையோருக்கான கிட்ஸ் ஹெல்ப் போன்: 1-800-668-6868, குறுஞ்செய்திக்கு 686868. உடனடி ஆபத்து என்றால் 911. உடனே ஒருங்கிணைப்பாளருக்கும் சொல்ல வேண்டும்.

வீட்டில் அடி, துஷ்பிரயோகம், கைவிடல் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், 16 வயதுக்குக் கீழான பிள்ளையைப் பற்றிச் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு அறிவிப்பது ஒன்ராறியோவில் எல்லோருக்கும் உள்ள சட்டக் கடமை. அதை நீங்களே நேரடியாக அறிவிக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் பார்த்துக்கொள்வார் என்று விட முடியாது. 16, 17 வயதினர் பற்றியும் அறிவிக்கலாம். "எங்கட ஆக்கள், குடும்ப மானம்" என்று தயங்கின ஒரு நாளை நான் இன்றும் மறக்கவில்லை. அப்படித் தயங்கியிருக்கக் கூடாது.

படி 10: திரைக்கு வெளியே ஆட்களைச் சேருங்கள்

உங்கள் வேலை, பிள்ளைக்கு எல்லாமாக நீங்கள் ஆவதல்ல. முதல் ஆண்டில் நான் இரவு 11 மணிக்கும் பதில் போட்டேன், படிவங்களை நானே நிரப்பினேன். விளைவு, அந்தத் தம்பி ஆசிரியரிடம் கேட்பதற்குப் பதில் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்பது மாதமாகியும் பாடசாலையில் அவனுக்கு ஒரு பெரியவரையும் தெரியாது. இப்போது ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரு கேள்வியை என்னையே கேட்கிறேன்: இந்த மாதம் பிள்ளை நேரில் கதைத்த புதிய பெரியவர் யார்? நூலகர், பயிற்றுநர், குடும்ப வைத்தியர், பகுதிநேர வேலை கொடுத்தவர், யாரும் ஆகலாம்.

முடிந்தால் நேரிலும் சந்தியுங்கள், அமைப்பின் ஏற்பாட்டில், பொது இடத்தில். நியூயோர்க்கில் 1999-ல் தொடங்கிய, மாணவர்களுக்கு வழித்துணை சேர்த்துவைக்கும் ஐமென்டர் அமைப்பு, வாராவாரம் இணையத்தில் எழுதுவதையும் மாதம் ஒருமுறை நேரில் சந்திப்பதையும் சேர்த்தே நடத்துகிறது. எங்கள் தூரத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கைகூடுகிறது. அதுவே போதுமான அளவு வித்தியாசம் காட்டுகிறது.

படி 11: முடிவை முன்கூட்டியே சொல்லுங்கள்

பத்தாம் மாதத்தில் சொல்லுங்கள், இன்னும் இரண்டு மாதம் என்று. தொடர்வதா, மாதம் ஒருமுறையாகக் குறைப்பதா, வேறொருவரிடம் கைமாற்றுவதா என்பதைப் பிள்ளையோடும் தாயோடும் ஒருங்கிணைப்பாளரோடும் கதைத்து முடிவெடுங்கள். வேறொருவர் வருகிறார் என்றால், முதல் இரண்டு அழைப்பில் நீங்களும் கூட இருங்கள்.

கடைசி அழைப்புக்கு முன் நான் ஒரு வேலை செய்வேன். குழுவின் மேல்பகுதிக்குப் போய், பிள்ளை அனுப்பின முதல் குரல்செய்தியைத் தேடி எடுத்துத் திருப்பி அனுப்புவேன். ஒஷாவாப் பையன் தன்னுடைய அந்தப் 12 விநாடியைக் கேட்டுச் சிரித்தான். பிறகு கேட்டான்: "அக்கா, எங்கட ஸ்கூலுக்குப் போன கிழமை வவுனியாவில இருந்து ஒருத்தன் வந்திருக்கிறான். அவன்ர நம்பரை ஒருங்கிணைப்பாளருக்குக் குடுக்கட்டோ?" அவனையும் அவன் அம்மாவையும் முதலில் கேள் என்றேன். "கேட்டிட்டன்" என்றான்.